நாலாம் நம்பர் புட்டியும் நடு ரவுண்டானாவும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் நலம். மாடியில் குடியிருப்பவர்கள் நலம். நான் நலமில்லை, அதை மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே தாங்களும், மாப்பிள்ளையும், என் மகளும், முக்கியமாகச் சம்பந்தி ஐயாவும் உடல் சுகத்தோடும் மன அமைதியோடும் இருக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன். ஐயாவின் மன அமைதியைக் கெடுத்தவளே அதை விசாரிக்கிறாளே என்று தாங்கள் பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஐயாவின் டிரைவிங் டெஸ்ட் முடிந்த நாளிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. என் மகள் பேசும்போது, பின்னால் தாங்கள் பாத்திரங்களைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது, அந்தச் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிடுகிறது. தங்களுக்கு என்மேல் இரண்டு கோபம். ஒன்று, என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட தங்கள் கணவர், டெஸ்ட்டில், ஊரே பார்க்கும்படி ஃபெயிலானது. இரண்டாவது, எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார் மரத்தடியில் நான்கு கண்ணாடியும் இறக்கி நின்றதையும், அதற்குள் தங்கள் கணவர் எனக்கு விசிறிக்கொண்டிருந்ததையும் தெருமுனைத் தையல்காரம்மா பார்த்துவிட்டுத் தங்களிடம் வந்து சொன்னது. இரண்டும் உண்மை. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுக்கும் காரணம் நானுமில்லை, ஐயாவுமில்லை, தாங்கள் அன்போடு கொடுத்த நாலாம் நம்பர் எண்ணெய்ப் புட்டி. அதையும் அதன் சகோதரர்களையும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாமல் பெற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு வந்த தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து நான் காரில் ஏறப்போவதில்லை. முதலாளி என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, கவுண்ட்டரில் உட்காரச் சொல்லிவிட்டார்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் எனக்கு அந்தக் கஷ்டம் ஆரம்பித்தது. என்ன கஷ்டம் என்று தங்களுக்குத் தெரியும், தாங்களும் பெண்தான், ஏறக்குறைய என் வயதுதான். மாதாமாதம் வந்துகொண்டிருந்தது ஒழுங்கில்லாமல் வந்து, பிறகு வராமலே போனது. போனால் போகட்டும், விட்டது சனியன் என்றுதான் நினைத்தேன். போனது சும்மா போகவில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும், கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை முகத்துக்கு நேரே திறந்தது மாதிரி. ஜாக்கெட் நனைந்துவிடும். இரண்டு நிமிஷத்தில் அது இறங்கியதும் குளிரில் பல் கிட்டும். ராத்திரித் தூக்கம் போயிற்று. வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. காரணமில்லாமல் அழுகை வேறு. ஒரு நாள் வெங்காயக்காரர் சில்லறை சரியாகக் கொடுத்ததற்கு அழுதேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல்செட் செய்கிறவர், தெரியுமல்லவா? ஒரு தாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "வயசானா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிவிட்டு, அடுத்த தாடையை எடுத்துக்கொண்டார். டாக்டரம்மாவிடம் போனேன். "இது நோயில்லம்மா, எல்லாருக்கும் வர்றதுதான். நல்லாத் தூங்குங்க, வெயில்ல அலையாதீங்க, முக்கியமா டென்ஷனே ஆகாதீங்க. தாங்க முடியலைன்னா வாங்க, மருந்து இருக்கு, பார்க்கலாம்" என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மருந்துக்கு மறுபடி போயிருக்கலாம்தான். அதைப் பற்றி வாயைத் திறக்க இரண்டாவது தடவை எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஸீட்டைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது, சொன்னால்தான் என் துக்கம் புரியும். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து ஸீட்டில் நான். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரில் லாரி வந்தாலும் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தாலும் என் வலது கால்தான் எல்லோருக்கும் உயிர். இருபத்திரண்டு வருஷம் அந்தக் காலை நம்பித்தான் ஜனங்கள் வண்டி ஓட்டினார்கள். புருஷன் திட்டித் திட்டிக் கார் என்றாலே நடுங்கிய பெண்கள், முதல்முறை தானாக இரண்டாவது கியர் போட்டு வண்டி வழுக்கிக்கொண்டு போகும்போது, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். "ரோட்டைப் பாருங்க"ன்னு அதட்டுவேன். ஆனால் அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வேலைக்குப் போகிறேன், சம்பளத்துக்கில்லை. இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்படி நான் வெந்துகொண்டிருந்த சமயத்தில்தான் தாங்கள் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், வாசனை எண்ணெய்கள் கலக்கக் கற்றுக்கொண்டு வந்தீர்கள். தங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. எனக்கு நான்கு புட்டி, எல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே உயரம், எண் எழுதிய சீட்டு ஒட்டி. ஒன்று தூக்கத்துக்கு, இரண்டு மனநிலைக்கு, மூன்று மூட்டு வலிக்கு, நான்கு சூட்டுக்கு. "பெரியவங்களுக்கெல்லாம் இது ரொம்ப நல்லதுங்க, சும்மா வச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னீர்கள். என் கஷ்டம் தங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஆடிப்போனேன். முகத்தில் எழுதியிருக்கிறது போல என்று நினைத்து, அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன்.

சரி, சம்பந்தி வீட்டில் கொடுத்ததை உபயோகிக்காமல் இருக்க முடியுமா? நாளைக்கே "எப்படி இருக்கு?"ன்னு கேட்பீங்க. ஒன்றாம் நம்பரைத் தலையணையில் இரண்டு சொட்டு விட்டேன். லாவெண்டர் வாசனை அறை முழுக்கப் பரவியது. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு தூக்கம் தூங்கினார், கல்யாணமான நாளிலிருந்து அப்படிக் குறட்டை கேட்டதில்லை. நான் விடிய விடிய அதைக் கேட்டுக்கொண்டு கொட்டக்கொட்ட விழித்திருந்தேன். இரண்டாம் நம்பரை மணிக்கட்டில் தடவி மோந்து பார்த்தால் மனசு சாந்தமாகும் என்றீர்கள். மோந்து பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு பையன் மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்பினான், எனக்கு வந்த கோபத்தில் மூச்சை வேகமாக இழுத்து, எண்ணெய் மூக்கில் ஏறி, அரைமணி நேரம் தும்மினேன். இதற்குள் பாதாம் எண்ணெய் கசிந்து எல்லாப் புட்டிகளின் சீட்டும் ஊறி உரிந்துவிட்டது. எது எந்த நம்பர் என்று மூடியைத் திறந்து மோந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அவசரத்தில் மோந்து பார்க்க யாருக்கு நிதானம் இருக்கிறது? சூடு ஏறியபோது கழுத்தில் மூட்டுவலிக்காரனை எடுத்துத் தடவிவிட்டேன். அதில் கிராம்பு, யூகலிப்டஸ், இன்னும் என்னென்ன போட்டிருந்தீர்களோ, ஏற்கெனவே எரிகிற கழுத்தில் இன்னொரு நெருப்பு. பெட்ரோல் பங்க்கில் காரைக் கழுவுகிற குழாயைப் பிடுங்கி என் தலையில் பிடித்துக்கொண்டேன். பங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்லப்பா, தூசி"ன்னு சொன்னேன்.

அதே மூன்றாம் நம்பரை முழங்காலில் தடவியபோது நிஜமாகவே வலி குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. தேய்க்கிற தேய்ப்பில் குறைந்ததா, எண்ணெயில் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் தாராளமாகத் தடவிவிட்டேன். அது முழங்காலிலிருந்து வழிந்து, கணுக்காலுக்கு வந்து, செருப்புக்குள் இறங்கி, உள்ளங்காலில் தேங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு பெண்மணி ரிவர்ஸ் எடுத்தாள். "போதும், நிறுத்துங்க"ன்னேன். அவள் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். நான் என் பிரேக்கை மிதித்தேன். என் கால் பெடலில் வழுக்கிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. வண்டி பின்னாலே போய் நகராட்சிக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தது. யாருக்கும் அடியில்லை. முதலாளி வந்து பார்த்து, முதலில் பம்பரைத் தடவிக்கொடுத்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் வேண்டாம் என்று நாலாம் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டேன். புதினாத் தைலமும் வேறு ஏதோ இலைச் சாறும் கலந்தது. பின்கழுத்தில் ஒரு சொட்டு வைத்தால் சில்லென்று ஒரு காற்று அடிக்கும், அந்த இரண்டு நிமிஷத்தைத் தாண்டிவிடலாம். காரில் ஏசி வேலை செய்து நாலு வருஷமாகிறது. ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சூடு கிளம்புகிறது என்று தெரிந்ததும் மடியிலிருந்த புட்டியைத் திறப்பேன். திறந்த கையோடு என் பிரேக்கை மிதித்து, "ஓரமா நிறுத்துங்க, கண்ணாடி எல்லாம் இறக்குங்க"ன்னு சொல்வேன். காரணம் சொல்லமாட்டேன். வண்டியை ஓரம் கட்டும் பயிற்சி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாளுக்கு நாலு தடவை, ஐந்து தடவை இப்படி நடக்கும். ஒரு மாதம் போனதும் ஓர் அதிசயம் பார்த்தேன். நான் புட்டியைத் திறந்தவுடனேயே, என் கால் பிரேக்குக்குப் போவதற்குள், வாயைத் திறப்பதற்குள், அவர்களே வண்டியை நிறுத்திவிட்டார்கள்! பேங்க்கில் காசாளராக இருக்கிற பெண், மீன்தொட்டி விற்கிறவர், எல்லாருமே. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் மனசில் நினைப்பதைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு மாணவர்களை உருவாக்கிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேங்க் பெண் டெஸ்ட்டுக்குப் போனாள், ஃபெயில். மீன்தொட்டிக்காரர் போனார், ஃபெயில். இருவருக்கும் ஒரே குற்றம்: நடு ரவுண்டானாவில் காரணமில்லாமல் வண்டியை நிறுத்தியது. "ஏம்மா நிறுத்தின?"ன்னு கேட்டேன். "தெரியல டீச்சர், கால் தானாப் போயிடுச்சு"ன்னு அந்தப் பெண் அழுதாள். மீன்தொட்டிக்காரர், "ஏதோ நீங்க பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சு டீச்சர்"ன்னார். அதைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோனேன் பாருங்கள், அதற்கு என்ன சொல்ல! முதலாளி நெகிழவில்லை. "இருபத்திரண்டு வருஷமா உங்க ஆளுங்க ஃபெயிலானதே கிடையாது. குப்பைத்தொட்டி ஒண்ணு, இது ரெண்டு. உங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். என்ன ஆச்சென்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? "ஒண்ணுமில்ல முதலாளி"ன்னேன். "இன்னொரு ஆள் இப்படி ஃபெயிலானா நீங்க கவுண்ட்டருக்கு வந்துடுங்க" என்று முடித்துவிட்டார்.

அந்த இன்னொரு ஆளாக வந்து சேர்ந்தவர்தான் நம் சம்பந்தி ஐயா. ரிட்டயரான சர்வேயர், இந்த வயதில் கார் எதற்கு என்று நானும் கேட்டேன். "சும்மா, ஒரு ஆசைதான்" என்று மழுப்பினார். காருக்கு வெளியே என்னைச் சம்பந்தியம்மா என்பார், கதவைச் சாத்தியதும் டீச்சர் என்பார். அப்படி ஒரு மரியாதை. நிலத்தை அளந்த பழக்கத்தில் வண்டிக்கும் நடைபாதைக்கும் எத்தனை அங்குலம் என்று இறங்கிப் பார்ப்பார், ஏறுவார், மறுபடி இறங்கிப் பார்ப்பார். ஆனால் மற்றவர்கள் யாரும் கவனிக்காததை முதல் நாளே கவனித்தவர் அவர்தான். நான் புட்டியைத் திறந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, கழுத்தில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே, நான்கு கண்ணாடியையும் இறக்கினார், டேஷ்போர்டில் இருந்த ஃபைலை எடுத்தார், விசிறினார். "மூச்சை மெதுவா விடுங்க டீச்சர், ரெண்டு நிமிஷத்துல போயிடும்" என்றார். அவ்வளவுதான் சம்பந்தியம்மா. வேறு ஒரு வார்த்தை கிடையாது. இது எப்படி இவருக்குத் தெரியும் என்று எனக்குக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு வருஷமாக யாரும் எனக்கு ஒரு தாளை எடுத்துக்கூட விசிறியதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அப்போதுதான் தையல்காரம்மா கையில் துணிப்பையோடு அந்த வழியாகப் போனாள். அவள் பார்த்தது உண்மை, என்ன நினைத்தாளோ அது உண்மையில்லை. அதற்குப் பிறகு தினமும் ஐயா அப்படித்தான் செய்தார், வாசனை வந்தால் நிறுத்து, ஹேண்ட்பிரேக் போடு, கண்ணாடி இறக்கு, விசிறு, என்று சர்வே வேலை மாதிரி வரிசை மாறாமல்.

டெஸ்ட் எடுக்கிற அதிகாரியைத் தாங்கள் பார்த்ததில்லை. கருங்கல் முகம். சிகரெட்டை விட்டவராம், அதற்குப் பதிலாக எந்நேரமும் ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். அன்றைக்கு நான் பின் ஸீட்டில் உட்கார அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலாம் நம்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், சத்தியமாக. ஐயா வண்டியை எடுத்தார். அழகாக எடுத்தார். இண்டிகேட்டர், கண்ணாடி, கியர், ஒரு குறை சொல்ல முடியாது. என் வேலை தப்பிவிட்டது, என் ஸீட் தப்பிவிட்டது என்று பின்னால் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி ரவுண்டானாவில் நுழைந்தது. அதிகாரி சட்டைப்பையில் கைவிட்டு, ஒரு புது மிட்டாயைப் பிரித்து, வாயில் போட்டார்.

பெப்பர்மிண்ட்!

நாலாம் நம்பரின் அதே புதினா வாசனை பின் ஸீட்டுக்கு வந்தபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, பேங்க் பெண்ணின் கால் ஏன் தானாகப் போனது, மீன்தொட்டிக்காரருக்கு ஏன் நான் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது, எல்லாமே. ஆனால் என்ன பிரயோஜனம்? பின் ஸீட்டில் எனக்கு எந்தப் பெடலும் இல்லை, வாயைத் திறப்பதற்குள் வண்டி நடு ரவுண்டானாவில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக் போட்டார். நான்கு கண்ணாடியும் இறங்கின. ஐயா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார், அதிகாரியின் மடியிலிருந்த மார்க் போடுகிற அட்டையை எடுத்தார், அதிகாரிக்கு விசிற ஆரம்பித்தார். "மூச்சை மெதுவா விடுங்க டீச்சர், ரெண்டு நிமிஷத்துல போயிடும்." சுற்றிலும் ஹார்ன். ஒரு பஸ்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார். அதிகாரியின் வாயில் மிட்டாய் அப்படியே நிற்கிறது. ஐயா நிதானமாக விசிறுகிறார். பாதியில் என்னவோ தோன்றி, பக்கத்தில் திரும்பிப் பார்த்து, அங்கே மீசை இருப்பதைக் கண்டு, அட்டையைப் பக்குவமாக அவர் மடியிலேயே திருப்பி வைத்தார். "மன்னிச்சுக்கோங்க சார், ஒரு பழக்கம்" என்றார். அதிகாரி அந்த அட்டையிலேயே, "ஓட்டுநர் நடு ரவுண்டானாவில் நிறுத்தி எனக்கு விசிறினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் உங்களை வேலையை விட்டு எடுக்கலம்மா. கவுண்ட்டர்ல உக்காருங்க, போன் வந்தா எடுங்க. அங்க ஏசி இருக்கு" என்றார். ஏசி இருக்கிறது, சம்பந்தியம்மா. ஒரு வருஷமாக நான் எதற்காக ஏங்கினேனோ அது இருக்கிறது. அதை நினைத்தால்தான் அழுகை தாங்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை, என் தூக்கம் என்னிடம் இல்லை, என் காலும் இனி யாருக்கும் வேண்டாம். நான் யாரிடம் போய் இதைச் சொல்வது? சொன்னால் "வயசானா அப்படித்தான்" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆகையால் தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஐயாமேல் சந்தேகப்படாதீர்கள், அவர் தங்கமான மனிதர். என் மகளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கு இதில் சம்பந்தமில்லை. புட்டிகளைத் திருப்பிப் பெற்றுக்கொள்ளுங்கள், இனிமேல் எனக்கு எந்த எண்ணெயும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஐயாவை வேறு ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். என் வேலை போனதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை, தங்கள் எண்ணெயைத் தவிர.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். வயதில் மூத்தவரான ஐயாவுக்கு என் நமஸ்காரம். தங்களுக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை, எது பிடிக்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழந்த சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிப் பார்சலையும் கட்டி, அனுப்பக் கிளம்பியபோது வாசலில் ஐயா நின்றார். நடந்தே வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வந்தாராம். நான்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "உண்மையைச் சொல்லுங்கண்ணா, உங்களுக்கு எதுக்குக் கார்?" என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார். "அவ ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல சம்பந்தியம்மா. விடியக்காலம் எழுந்து பார்த்தா, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அதுக்குள்ள முகத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறா. என்னன்னு கேட்டா, பாலைத் தேடறேங்கிறா. விசிறப் போனா கையைத் தட்டிவிடறா. அந்த எண்ணெயெல்லாம் அவ தனக்காகத்தான் கத்துக்கிட்டா. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு ஊருக்கெல்லாம் குடுக்கிறா. கார் ஓட்டத் தெரிஞ்சா, விடியக்காலத்துல கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, காத்து நல்லா அடிக்கிற மாதிரி அவளை ஒரு சுத்து கூட்டிட்டுப் போலாம்னு பார்த்தேன். உங்களுக்கு விசிறினதுகூட, எப்படி விசிறினா கையைத் தட்டிவிட மாட்டாங்கன்னு பழகிக்கத்தான்."

அடிப்பாவி, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நானும்தான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் புட்டியைக் கொடுக்க, நான் வாங்கிக்கொள்ள, இரண்டு பேரும் "பெரியவங்களுக்கு நல்லது"ன்னு பொதுவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஐயாவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போனேன். "என்னம்மா ஆச்சுன்னு அன்னிக்குக் கேட்டீங்கல்ல, சொல்றேன். எனக்கு மாதவிடாய் நிக்கிற காலம். உடம்பு திடீர்னு கொதிக்கும், ராத்திரி தூக்கம் கிடையாது, அப்புறம் என்ன ஆகும்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "இன்னும் விவரமா சொல்லட்டுங்களா?"ன்னேன். "வேண்டாங்கம்மா, சாவி, இந்தாங்க சாவி, எடுத்துக்கோங்க"ன்னார். "காரில் ஏசியைச் சரி பண்ணணும்"னேன். "பண்ணிடலாங்கம்மா"ன்னு எழுந்தே நின்றுவிட்டார். டாக்டரம்மாவிடமும் மறுபடி போகப்போகிறேன், இப்போது வாய் திறந்துவிட்டது. பேங்க் பெண்ணுக்கும் மீன்தொட்டிக்காரருக்கும் ஐயாவுக்கும் மறுபடி பயிற்சி ஆரம்பம். பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். ஆளுக்கொன்றை வாயில் போட்டுக்கொண்டு, கால் அடங்குகிற வரைக்கும் ரவுண்டானாவைச் சுற்றப்போகிறோம். புட்டிகளைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றாம் நம்பர் தீரப்போகிறது, இன்னொன்று வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஐயா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நாளை விடியற்காலம் வண்டியோடு வாசலில் நிற்பேன். ஐயா ஓட்டுவார், என் கால் பிரேக்கில் இருக்கும், பின் ஸீட் முழுக்க உங்களுக்கு. ஃப்ரிட்ஜைச் சாத்திவிட்டு வாங்க.